பச்சைமலையில் என் கைப்பை சிரித்த நாள்

எனக்குத் தமிழில் பொய் சொல்ல வராது. நாக்கு குழறும், காது சிவக்கும், எதிரில் இருப்பவர் கேட்பதற்கு முன்பே நானே உண்மையைக் கக்கிவிடுவேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் போதும், பின்னிணைப்போடும் வண்ணப் படங்களோடும் பொய் சொல்லுவேன். இருபத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே ஏறக்குறைய அதுதான். (வேலை உத்தரவில் ‘ஆவணப் பிரிவு அலுவலர்’ என்று போட்டிருந்தது. அம்மா அதை ‘ஆபீசர்’ என்று சுருக்கி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

திருச்சி தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் தொண்டு நிறுவனம். மொத்தம் ஆறு பேர். இயக்குநர் ஜெயராமன் சார் நல்ல மனிதர். “பாத்துக்கலாம்மா” என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இருபது வருடம் நிறுவனம் நடத்தியவர். மழை வந்தாலும் பாத்துக்கலாம், தணிக்கை வந்தாலும் பாத்துக்கலாம்.

நான் சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்த பெரிய திட்டம் பச்சைமலையில் ஒரு சின்ன ஊருக்கு சோலார் மின்சாரம் கொடுப்பது. மலைமேல் நாற்பத்திரண்டு வீடுகள். (ஊர் பெயர் வேண்டாம். அவர்கள் என்னோடு நல்லபடியாகப் பழகுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.) அங்கே கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோகக் காடு குறுக்கே நின்றது. அதனால் ஊரிலேயே ஒரு பாறைமேட்டில் சோலார் பலகைகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு கொட்டகை கட்டி, அதற்குள் பேட்டரிகளையும் இன்வெர்ட்டரையும் வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி. ஒரு வீட்டுக்கு இரண்டு பல்பு, போன் சார்ஜ் போட ஒரு பிளக். ஊருக்குப் பொதுவாக சாமையும் தினையும் அரைக்க ஒரு மாவு மெஷின். இதற்கான பணத்தை ஐரோப்பாவில் ஒரு அறக்கட்டளை கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. அந்த அறிக்கைதான் நான்.

திறப்பு விழாவுக்கு ஒரே ஒருமுறை மலைக்குப் போனேன். ஏறும்போது நாலு வளைவில் வாந்தி, இறங்கும்போது ஐந்து வளைவில் வாந்தி. அத்தோடு மலையும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். அறிக்கைகளைத் தில்லைநகரில் உட்கார்ந்தே எழுதினேன். ‘அந்தி சாயும் வேளையில் பல்பு வெளிச்சத்தில் பெண்களின் முகங்கள் பொன்னாக மின்னுகின்றன’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். உண்மையில் அந்த அந்தி எங்கள் வீட்டு மொட்டைமாடியில், துணி எடுக்கப் போனபோது ராஜகோபுரத்தின் மேல் நான் பார்த்தது. பொன்னாக மின்னியது பக்கத்து வீட்டு அக்காவின் முகம்.

அந்த வரி ஐரோப்பாவில் யாரையோ உருக்கிவிட்டது. பக்கத்தில் இன்னும் நாலு ஊர்களுக்கு இதேபோல் செய்ய அறக்கட்டளை யோசிப்பதாகவும், அதற்கு முன்னால் நேரில் பார்க்க ஒரு ஆளை அனுப்புவதாகவும் கடிதம் வந்தது. நாலு ஊர்களும் வருடக்கணக்காகக் காத்திருந்தவை. ஜெயராமன் சார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “பாத்துக்கலாம்மா” என்றார். முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது.

சாரின் திட்டம் மிக எளிமையானது. வருகிறவருக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. முதல் நாள் காலை ஸ்ரீரங்கம் கோயில், பிறகு மலைக்கோட்டை, மதியம் முக்கொம்பில் சாப்பாடு. இரண்டாம் நாள் திருவெள்ளறை கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, நேரம் இருந்தால் மலைக்கு ஒரு அரைமணி நேரம். வருகிறவர்கள் எல்லோரும் கோயிலில் தூண்களைப் பார்த்து மயங்கிவிடுவார்கள், மிச்சத்தை நம் அறிக்கை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

வந்தவர் பெயர் இங்கிரிட். அறுபது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு பழைய துணிப்பை, கால்களில் மலையேறுகிற ஷூ. காலை ஏழு மணிக்கு மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் வாசலில் எங்கள் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சார் மல்லிகை மாலையைப் போட்டுவிட்டு, முதலில் கோயில் என்றார். இங்கிரிட் கைகூப்பிவிட்டு, தான் முப்பது வருடமாக மின்பொறியாளர் என்றும், கோயிலைப் பிறகு சொந்தச் செலவில் வந்து பார்த்துக்கொள்வதாகவும், இப்போது நேராக மலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

மின்பொறியாளர் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். இதுவரை வந்தவர்கள் எல்லாம் சமூகவியல் படித்தவர்கள். சுவிட்சைப் போட்டால் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள்.

கார் கொள்ளிடம் தாண்டி டோல்கேட், மண்ணச்சநல்லூர் என்று போனது. திருவெள்ளறை வந்தபோது சார் கடைசி முயற்சியாக ஜன்னல் வழியே கோபுரத்தைக் காட்டினார். இங்கிரிட் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லி மறுபடி பையிலிருந்த கோப்பைத் திறந்துகொண்டார். எட்டிப் பார்த்தேன். நான் எழுதிய அறிக்கைகள். அத்தனையும். பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். என் எழுத்தை இவ்வளவு கவனமாக ஒருவர் படித்தது அதுதான் முதல் தடவை. (ஒரு எழுத்தாளருக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை.)

மலை ஏற ஆரம்பித்ததும் வழக்கம்போல் நாலு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாலாவது தடவை இங்கிரிட் இறங்கிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை தடவை வந்தும் பழகவில்லையா என்று பரிவோடு கேட்டார். அறிக்கைகளில் நான் மாதம் இரண்டு முறை மலைக்குப் போவதாக எழுதியிருந்தேன். வாய் கொப்பளிக்கிற சாக்கில் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பதினோரு மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். அங்கேதான் முதல் அதிர்ச்சி.

உச்சி வெயில் நேரத்தில் ஊரே எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பல்பு. வேப்பமரத்தில் டியூப் லைட். ஊர் முகப்பில் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் செட் வளைவு ஒன்று, அதில் ‘நல்வரவு’ என்ற எழுத்துகள் சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி அணைந்தன. வீட்டுக்கு இரண்டு பல்பு என்றுதான் திட்டம். இங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமான விளக்குகள் இருந்தன. நான் ஜெயராமன் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்வி: நீயா ஏற்பாடு பண்ணினாய்?

இங்கிரிட் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். பகலில் ஏன் இவ்வளவு விளக்கு என்று கேட்டார். விருந்தாளி வந்தால் விளக்கேற்றி வரவேற்பது எங்கள் பண்பாடு என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஊர் மின்குழுத் தலைவி சின்னப்பொண்ணு அக்கா எதிரே வந்தார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. மரவள்ளிக் காடும் ஆடுகளும் வைத்திருப்பவர். எங்களுக்கு வணக்கம் சொல்லி, வெள்ளைக்கார அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். என்னை மட்டும் ஒரு மாதிரி பார்த்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு என்னைப் பார்க்காத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டகடகடகவென்று, மேட்டுப் பக்கத்திலிருந்து. கூடவே லேசாக டீசல் வாசனை.

இங்கிரிட் நின்றார். அது என்ன சத்தம் என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாக ஆங்கிலத்தில் தெரியாது என்ற வார்த்தையையே நான் எழுதியதில்லை. என் வாய் என்னைக் கேட்காமல், “அது சோலார் சத்தம்” என்றது.

இங்கிரிட் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. முப்பது வருடத்தில் பதினாலு நாடுகளில் சோலார் பார்த்திருக்கிறேன், அது சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, போய்ப் பார்க்கலாமா என்றார். நிஜமான ஆர்வம் அது. அவர் பாறைமேட்டை நோக்கி நடக்க, பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் ஊர் முழுக்க. ஜெயராமன் சார், அம்மன் கோயில் அந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார்.

மேட்டில் சோலார் பலகைகள் வரிசையாக, சுத்தமாகத் துடைத்து, வெயிலில் பளபளத்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் போட்டு, அதன்மேல் மரவள்ளித் தழையை வெட்டிப் பரப்பி ஒரு குவியல். அந்தக் குவியல் உதறிக்கொண்டிருந்தது. அதன் உச்சியிலிருந்து கருப்பாகப் புகை போனது.

நான் சின்னப்பொண்ணு அக்காவின் காதருகே போய், ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று தமிழில் கிசுகிசுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை.

“எதுக்கு மேடம் சமாளிக்கணும்? தெரியத்தானே போவுது.” பிறகு இங்கிரிட் பக்கம் திரும்பி, குவியலைக் காட்டி, நிதானமாகச் சொன்னார்: “ஜெனரேட்டர்ங்க.”

உலகத்தில் எத்தனையோ தமிழ் வார்த்தைகள் இருக்கின்றன. மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் வளைக்கலாம், கொஞ்சம் மழுப்பலாம். ஜெனரேட்டர் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. கடைசியில் ஒட்டியிருந்த அந்த ‘ங்க’ மட்டும்தான் மொழிபெயர்க்க மீதி இருந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற பெரியசாமி தார்ப்பாயை விலக்கி ஜெனரேட்டரை நிறுத்தினார். ஊரில் இருந்த அத்தனை விளக்கும் ஒரே நொடியில் அணைந்தன. ‘நல்வரவு’ம் அணைந்தது. அந்த அமைதியில் தூரத்தில் ஒரு ஆடு கத்தியது கேட்டது.

சின்னப்பொண்ணு அக்கா என்னிடம், “நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க மேடம். ஒண்ணும் விடாதீங்க” என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஆங்கிலத்தில் சொன்ன முதல் உண்மை அது என்பதால் இலக்கணம்கூடச் சரியாக வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இடி மின்னலோடு மழை பெய்தது. மறுநாள் காலையிலிருந்து ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. பெரியசாமி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். மாவு மெஷின் நின்றதால் பெண்கள் தானியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, பஸ் இருக்கிற நாளில் பஸ்ஸிலும் இல்லாத நாளில் நடந்தும் கீழே போய் அரைத்துவந்தார்கள். போன் சார்ஜ் போடவும் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். சார்ஜ் போட்டுவந்து எங்களைக் கூப்பிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. அப்படியிருக்கும்போது இந்த அம்மா வரும் செய்தி அந்த நாலு ஊர்க்காரர்கள் வழியாக வந்தது. இந்த ஊர் இருட்டாக இருப்பதைப் பார்த்தால் அந்த நாலு ஊருக்கும் ஒன்றும் கிடைக்காதே என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில் இரண்டு ஊர்களில் இவர்கள் பெண் கொடுத்திருக்கிறார்கள். துறையூர் பக்கத்தில் மைக் செட் வைத்திருப்பவரிடம் கெஞ்சி, திருவிழாவுக்குத் தருகிற ஜெனரேட்டரை வாங்கி ஜீப்பில் ஏற்றிவந்தார்கள். சீரியல் செட்டை அவர் தானாகவே சேர்த்துக் கொடுத்தார்.

“பொய் சொல்லணும்னு இல்லீங்க” என்றார் சின்னப்பொண்ணு அக்கா. “அவங்க ஊருக்கும் வெளிச்சம் வரட்டும்னுதான்.”

இங்கிரிட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு தன் கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை எடுத்து எனக்குக் காட்டினார். பழுது ஏற்பட்டால் மக்கள் உடனே தெரிவிக்க இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் தொலைபேசி உதவி மையம் ஒன்று இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. என் நடை. என் அடைமொழிகள். அந்த மையத்தைத்தானே இவர்கள் கூப்பிட்டார்கள், அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நான் எழுதியதுதான். அறிக்கைப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, அதை வெறுமையாக விட மனசு வரவில்லை. அப்படி ஒரு மையம் எங்கும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள்? எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதை அப்படியே பெரியசாமியிடம் கேட்டேன்.

பெரியசாமி பதில் சொல்லாமல் கொட்டகைச் சுவரைக் காட்டினார். நீலப் பெயின்டில், என் முழங்கை நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்தும்: ‘புகார் எண்’. கீழே பத்து இலக்கம்.

நான் முதல் நாலு இலக்கத்தைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாவதில் ஏதோ பழக்கமானதுபோல் இருந்தது. ஏழாவது இலக்கத்தில் என் காது சூடாகியது. மிச்சம் மூன்றையும் பார்க்கத் தேவையில்லை. அது என் பிறந்த தேதியில் முடிகிற நம்பர்.

திறப்பு விழா அன்று பெயின்டர் ஏணியில் நின்றுகொண்டு ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினார். ஆபீஸ் போன் அப்போது வேலை செய்யவில்லை. சார், “உன் நம்பரைக் கொடும்மா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார். கொடுத்தேன். வாந்தி மயக்கத்தில் அதை அந்த வளைவுகளிலேயே விட்டுவிட்டேன்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, இங்கிரிட் பெரியசாமியின் போனைக் காட்டி, இப்போது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அந்த மலையில் எங்கே நின்றாலும் சிக்னல் வராது. அந்தப் பாறைமேட்டில் மட்டும் நாலு கோடும் முழுசாக வரும். பெரியசாமி பட்டனை அழுத்தினார்.

என் கைப்பை சிரித்தது.

விளக்குகிறேன். அந்தக் காலத்தில் என் போனின் மணியோசையாக ஒரு குழந்தை கெக்கெக்கே என்று விடாமல் சிரிக்கிற சத்தத்தை வைத்திருந்தேன். (நவீனமான பெண் என்று நினைப்பு.) ஊர் முழுக்க நின்று பார்க்க, என் தோளில் தொங்கிய பை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பதற்றத்தில் ஜிப் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க அந்தக் குழந்தை இன்னும் சந்தோஷமாகச் சிரித்தது. முன்னால் நின்ற இரண்டு சின்னப் பிள்ளைகளும் அதோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தன. ஜெயராமன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் போனை வெளியே எடுத்தேன். இங்கிரிட் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். அதில் ஒரு பெயர் மின்னிக்கொண்டிருந்தது. தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

தெரியாத நம்பரிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தால் அது கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான் என்பது அன்றைக்கு என் உறுதியான நம்பிக்கை. ஒருமுறைகூட எடுத்துப் பார்த்ததில்லை. தப்பித்தவறி எடுத்துவிடக் கூடாதென்று அந்த நம்பர்களுக்கு நானே பெயர் போட்டுச் சேமித்துவைத்திருந்தேன். மூன்று இருந்தன. இது மூன்றாவது.

“என்ன போட்டிருக்கு மேடம்?” என்று சின்னப்பொண்ணு அக்காவும் கேட்டார்.

இரண்டு மொழியிலும் சொன்னேன். “எடுக்காதே மூணு.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பெரியசாமி தன் போனைப் பார்த்தார், என் போனைப் பார்த்தார், பிறகு அழைப்பை மெதுவாகத் துண்டித்தார். இரண்டு மாதமாக இதே பாறையில் நின்று, காலையும் மாலையும் இதே பட்டனை அழுத்தியவர் அவர். எடுக்காதே ஒன்றும் எடுக்காதே இரண்டும் யார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று சின்னப்பொண்ணு அக்கா. இன்னொன்று, கீழே இறங்கி அரைக்கப்போன பெண்கள் மாவு மில் முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பேசிய போன்.

சின்னப்பொண்ணு அக்கா சொன்னார்: “லைட்டு போறது பெரிசில்லீங்க மேடம். முன்னாடியும் இருட்டுலதான இருந்தோம். போனை எடுத்து, வர முடியாதுன்னாச்சும் சொல்லியிருக்கலாம்.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை. இங்கிரிட்டும் கேட்கவில்லை.

அவர் கொட்டகைக்குள் போனார். பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தரையில் மண்டியிட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். பெரியசாமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. ஆனால் விரலால் காட்டியும் தலையாட்டியும் அவர்கள் பேசிக்கொண்டது, என் மொழிபெயர்ப்பைவிடத் தெளிவாக இருந்தது. கால்மணி நேரத்தில் வெளியே வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்குக் கருகிப்போன ஒரு பொருள். மின்னல் இறங்கினால், தான் எரிந்துபோய் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்கென்றே வைப்பது. மற்ற எதற்கும் சேதமில்லை. திருச்சியில் மின்சாமான் கடையில் கிடைக்கும். மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

“இந்தத் திட்டத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது இது ஒன்றுதான்” என்று அதை என் கையில் வைத்தார்.

மதியம் சாமைச் சோறும் மரவள்ளிக் கிழங்குக் குழம்பும் போட்டார்கள். எனக்கும் அதே அளவு போட்டார்கள். சின்னப்பொண்ணு அக்கா, சாப்பிடுங்கள், வழியில் எப்படியும் வெளியே வந்துவிடும் என்று கரண்டியோடு நின்றார். அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா வேறெப்படி எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

சாப்பிட்டுவிட்டு மலை இறங்கினோம். மூன்றாவது வளைவில் நான் குனிந்து நின்றபோது, நாலு ஊர்களுக்கான உதவி நின்றுவிடுமா என்று இங்கிரிட்டிடம் கேட்டேன். தப்பு என்னுடையது, அவர்களுடையது இல்லை என்றும் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, தான் பார்த்ததை மட்டும் எழுதுவேன் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அடைமொழி இல்லாமல் எழுதுவேன் என்றார்.

மறுநாள் காலை மின்சாமான் கடை திறப்பதற்கு முன்னால் வாசலில் நின்றேன். அந்தப் பொருளில் மூன்று வாங்கி, துறையூர் பஸ் பிடித்து, மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்து, தனியாக ஏறினேன். ஏழு வளைவு. பெரியசாமி ஐந்து நிமிடத்தில் மாட்டினார். மாவு மெஷின் ஓடிய சத்தத்தைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் காத்திருந்தேன். பதில் வந்தது. ஜெயராமன் சார் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தார். நாலு ஊர்களுக்கும் அனுமதி. அதன் கீழே மூன்று நிபந்தனைகள். பழுதுபார்க்கிற நிதி இனி ஊர் மின்குழுக்களின் கையில் இருக்கவேண்டும். மாற்று உதிரிப் பொருட்கள் மலையிலேயே இருக்கவேண்டும். மூன்றாவதைப் படிக்கும்போது சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்: ஐந்து ஊர்களிலும் ஒரே புகார் எண் எழுதப்படவேண்டும், அது இப்போது சுவரில் இருக்கும் எண்ணாகவே இருக்கவேண்டும், திட்டம் முடியும்வரை அதை நித்யா என்பவர் எடுக்கவேண்டும். ஒவ்வொரு அழைப்பையும் எழுதிவைத்து, அந்தப் பட்டியலையே அறிக்கையாக அனுப்பவேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

சார், “பாத்துக்கலாம்மா” என்றார். அறையில் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை.

அப்படித்தான் ஐந்து ஊர்ச் சுவர்களில் என் நம்பர் ஏறியது. நான் குளிக்கப்போனாலும் அடிக்கும், வண்டி ஓட்டும்போதும் அடிக்கும். ஒருநாள் நான் குளியலறையில் இருந்தபோது, முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அம்மா எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் பெரியசாமி. இன்வெர்ட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்கவேண்டும் என்பதை நான் பேசிப் பேசி அவள் மனப்பாடம் பண்ணியிருந்தாள். கேட்டாள். சிவப்பு என்றார். சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போடச் சொன்னாள். பச்சை வந்துவிட்டது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் ஒரு ஊருக்கே வெளிச்சம் கொடுத்துவிட்டு, பழையபடி கழுத்துப் பட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவர்கள் என்னைக் கேட்பதில்லை. “அம்மா இருக்காங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

திட்டம் முடிந்தது. நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன். சுவரில் இருக்கிற நம்பர் சுவரிலேயே இருக்கிறது. அந்த சிம்மை அம்மா தன் போனில் போட்டுக்கொண்டாள்.

என் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. சின்னப்பொண்ணு அக்காவும் இன்னும் பத்துப் பேரும் மலையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியசாமி மட்டும் கொட்டகையை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். கல்யாண வீடியோவை யார் வீட்டில் போட்டாலும் எல்லோரும் ஒரே இடத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, பூவும் அரிசியும் விழுகின்றன, மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். பின்னால், பட்டுப்புடவையில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு காதில் போனை அழுத்திக்கொண்டு, மேளத்துக்கு மேல் அம்மா கத்துகிறாள்: “சிவப்பா, பச்சையா?”

நான் கோபமாக இருக்கிற நாட்களில் என் கணவர் சமையலறைக்குள் நேராக வருவதில்லை. வாசலிலேயே நின்று, தலையை மட்டும் நீட்டி அதையேதான் கேட்கிறார். சிவப்பு என்றால் திரும்பிப் போய் முன்னறையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பத்து எண்ணுகிறார்.